கடைசிப் பெட்டியில் உட்காரச் சொன்னவர்

மூத்த பயண ஆலோசகர், ஐரோப்பியப் பிரிவு. பதினெட்டு ஆண்டுகள் நேரடிப் பயண அனுபவம். இருபத்திரண்டு நாடுகளைத் தம் காலால் நடந்து அறிந்தவர். ரயில் பயணத்தில் தனித் தேர்ச்சி உடையவர். தம் சொந்த அனுபவங்களை வாடிக்கையாளர்களோடு பகிர்ந்துகொள்வதில் பெருமகிழ்ச்சி அடைபவர்.

அந்தப் பயண நிறுவனத்தின் இணையதளத்தில் ஒரு பெண்மணியின் படத்துக்குக் கீழே இப்படிப் போட்டிருந்தது. இதில் பதினெட்டு ஆண்டு என்பது உண்மை. படமும் உண்மை. மற்றபடி அந்தப் பெண்மணி விமானத்தில் ஏறியதே இல்லை. பாஸ்போர்ட் வைத்திருந்தார், இரண்டு முறை புதுப்பித்தும் இருந்தார். அதன் பக்கங்கள் மட்டும் கொடுத்த அன்று இருந்த வெளுப்போடு அப்படியே இருந்தன.

எல்லோரும் அவரை ஐரோப்பா அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். சேர்ந்தபோது அவருடைய வேலை விசா விண்ணப்பங்களைச் சரிபார்ப்பது: புகைப்படத்தில் காது தெரிகிறதா, வங்கிக் கடிதத்தில் முத்திரை இருக்கிறதா, ஓட்டல் முன்பதிவில் உள்ள தேதியும் டிக்கெட் தேதியும் ஒத்துப்போகின்றனவா. நாற்காலிக்குப் பின்னால் சுவர் அளவுக்கு ஐரோப்பிய வரைபடம். எதிரே ஜன்னல், ஜன்னலில் தெரிந்தது பக்கத்துக் கட்டடத்தின் ஏசி பெட்டிகள். நிறுவனச் செலவில் ஊர் சுற்றிவரும் வாய்ப்பு இரண்டு முறை வந்தது. முதல் முறை அப்பாவுக்குக் கண் அறுவை சிகிச்சை. இரண்டாம் முறை மேனேஜரின் மச்சான் போனார். அவருக்கு அறுவை சிகிச்சை எதுவும் இல்லை, ஆசைதான்.

ஆனால் அக்காவைச் சும்மா கதை விடுகிறவர் என்று நினைத்துவிடக் கூடாது. அவரளவுக்கு ஐரோப்பாவைத் தெரிந்தவர்கள் அங்கே போய்வந்தவர்களிலேயே குறைவு. அதற்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார்.

நிறுவனம் தன் பயணிகளுக்கு அந்த ஊர்ச் சுவர்த்துளைக்குப் பொருந்தும் பிளக் அடாப்டரை இரவலாகக் கொடுக்கும். திரும்பி வந்ததும் அதைக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். கொடுக்க வருகிறவரை அக்கா உட்காரவைத்து டீ சொல்லுவார். வெளிநாடு போய்வந்தவர்களுக்கு ஒரு பெரிய குறை உண்டு: கேட்க ஆள் இருக்காது. போட்டோவை எடுத்தாலே சொந்தக்காரர்களுக்கு அவசர வேலை வந்துவிடும். அக்கா மட்டும் முதல் போட்டோவிலிருந்து கடைசி போட்டோ வரை பார்ப்பார். பார்ப்பதோடு விடமாட்டார், துருவுவார். "அந்தக் கோபுரத்துக்குப் படி எத்தனை? கைப்பிடி எந்தப் பக்கம்? கழிவறைக்குக் காசு போடணுமா, யாராவது உட்கார்ந்து வாங்கறாங்களா? மழை வந்தா ஒதுங்க எங்க இடம் இருக்கு?" சொல்வதையெல்லாம் நீல அட்டை போட்ட நோட்டில் எழுதிக்கொள்வார். அப்படிப் பதினோரு நோட்டு சேர்ந்திருந்தது.

அதிலிருந்துதான் ஒவ்வொரு பயணிக்கும் தனித்தனியாக ஒரு குறிப்புப் புத்தகம் தயாராகும். முதல் புத்தகத்தை மேனேஜர் படித்துவிட்டு மேசையில் போட்டார்.

"என்னக்கா இது? ‘ஒருவர் சொன்னார், இன்னொருவர் சொன்னார்’னு பக்கத்துக்குப் பக்கம் போட்டு வச்சிருக்கீங்க. விசாரணைக் கமிஷன் அறிக்கையா?"

"அவங்கதானே சார் சொன்னாங்க."

"யாரோ சொன்னதுக்கு யாரு காசு கொடுப்பா? ‘நான் போனேன், நான் பார்த்தேன்’னு போடுங்க. யாரு டிக்கெட்டைப் பார்க்கப் போறா?"

அக்கா ‘நான்’ போட்டார். முதலில் கூச்சமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது. ‘கோடைக்காலத்தில் அங்கே ராத்திரி பத்து மணிக்குத்தான் இருட்டும். இருட்டட்டும், சாப்பிடலாம் என்று நான் ஒருமுறை காத்திருந்து பட்டினி கிடந்தேன்.’ ‘ஞாயிற்றுக்கிழமை பல ஊர்களில் கடை திறக்காது. ரொட்டியும் தண்ணீரும் சனிக்கிழமையே வாங்கி வைத்துவிடுவேன்.’ ‘கல் பாவிய தெருவில் சக்கரப் பெட்டியை இழுக்காதீர்கள். என் பெட்டியின் ஒரு சக்கரம் இன்னும் அந்த ஊரில்தான் இருக்கிறது.’ நாளடைவில் போய்வந்தவர்களையே அவர் திருத்த ஆரம்பித்தார். "பாலத்துக்கு இடது பக்கமாப் படி இறங்குமே, அதுல போகலையா?" கேட்டவர்கள் தலையைச் சொறிந்துகொண்டு, கவனிக்கவில்லையே என்பார்கள்.

அக்காவின் கணவர் தண்ணீர் வாரியத்தில் மீட்டர் பார்ப்பவர். மாலையில் கதவைத் திறக்கும்போதே, "இன்னிக்கு எந்த நாட்டுல இறங்கினே? கால் வலிக்குமே, வென்னீர் வைக்கட்டுமா?" என்பார். அக்கா செருப்பைக் கழற்றியபடி சிரிப்பார். அதுவரை அது சிரிப்பதற்குரிய விஷயமாகத்தான் இருந்தது.

பயண நிறுவனத்துக்கு நாலு கடை தள்ளி ஒரு மருந்துக்கடை. அதன் உரிமையாளர் முப்பத்தைந்து வருடம் ஒரே கவுண்ட்டருக்குப் பின்னால் நின்றவர். டாக்டர்களின் கையெழுத்தை டாக்டர்களைவிட நன்றாகப் படிப்பார். அக்காவின் ரத்த அழுத்த மாத்திரை தீரப்போகிற நாள் அக்காவுக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும். அவரும் மனைவியும் வாழ்க்கையில் முதல் தடவையாக ஐரோப்பா போவதென்று முடிவெடுத்தார்கள். அக்கா கொடுத்த குறிப்புப் புத்தகத்தை அவர் மூன்று தடவை படித்தார், மருந்துச்சீட்டைப் படிக்கிற மாதிரி, வரிக்கு வரி சிவப்புப் பேனாவால் கோடு போட்டு. அக்காவுக்குப் பெருமையாக இருந்தது.

அந்தப் புத்தகத்தின் பதினான்காம் பக்கத்தில் ஏரிக்கரை ஊருக்குப் போகும் ரயிலைப் பற்றி இப்படி இருந்தது: ‘நான் எப்போதும் கடைசிப் பெட்டியில்தான் உட்காருவேன். கூட்டம் இருக்காது.’ இதைச் சொன்னவர் ஒரு வங்கி அதிகாரி. பொய் சொல்லவில்லை, அவர் உட்கார்ந்த கடைசிப் பெட்டி காலியாகத்தான் இருந்தது. ஆனால் அவர் ஏரிக்கரை ஊரிலிருந்து திரும்பி வந்தவர். அந்த ரயில் போகும்போது பாதி வழியில் ஒரு சந்திப்பில் இரண்டாகப் பிரியும். முன்பாதி ஏரிக்கரைக்கு, பின்பாதி வேறு ஊருக்கு. வரும்போது இரண்டு பாதியும் ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும், எங்கே உட்கார்ந்தாலும் கவலையில்லை. பிளாட்பாரத்தில் ஒருமுறை நின்றவர்கூடப் பலகையில் இரண்டு ஊர்ப் பெயர் இருப்பதைப் பார்த்திருப்பார். படி எத்தனை, கைப்பிடி எந்தப் பக்கம் என்றெல்லாம் கேட்ட அக்கா, போகும்போதா வரும்போதா என்று கேட்கவில்லை.

மருந்துக்கடைக்காரரும் மனைவியும் கடைசிப் பெட்டியில் ஏறினார்கள். சந்திப்பில் ரயில் நின்றது. அவர்கள் பெட்டியின் கழிவறை பூட்டியிருந்ததால், மனைவி இறங்கிப் பிளாட்பாரத்தோடு நடந்து முன்பாதியில் ஏறினார். கணவர் பெட்டிகளோடு உட்கார்ந்திருந்தார். ஏனென்றால் புத்தகத்தில், ‘ஒருவர் எப்போதும் பெட்டிகளை விட்டு நகரக் கூடாது’ என்று இருந்தது. இரண்டு பாஸ்போர்ட்டும் பணமும் அவர் கழுத்துப் பையில் இருந்தன. அதுவும் புத்தகத்தில் இருந்ததுதான். மனைவியின் போன் சார்ஜில் இருந்தது. ஒலிபெருக்கியில் ஏதோ சொன்னார்கள், அது அந்த ஊர் மொழியில். ரயில் பிரிந்தது.

ஐந்து மணி நேரம் அவர் ஊர் ஊராக இறங்கி ஏறினார். கடைசியாக இறங்கிய ஊரில் குறிப்புப் புத்தகத்தைக் கிழித்துக் குப்பைத்தொட்டியில் போட்டார். பிறகு போலீஸ்காரர் ஒருவர் துணையோடு ஏரிக்கரை ஓட்டலுக்கு வந்து சேர்ந்தபோது, மனைவி குளித்துத் தலையில் துண்டு கட்டி டீ குடித்துக்கொண்டிருந்தார். ‘ஓட்டல் அட்டையை ஆளுக்கொன்றாக இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள்’ என்றும் அதே புத்தகத்தில் இருந்தது.

அடாப்டரைத் திருப்பிக் கொடுக்க மனைவியும் மகனும் வந்தார்கள். மனைவிக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"எல்லாரும் நான் தொலைஞ்சு போயிட்டேன்னு சொல்றாங்க. நான் சரியான ஊர்லதான் இருந்தேன். தொலைஞ்சது அவரு!"

அக்கா வழக்கம்போல நோட்டைத் திறந்து எழுதிக்கொண்டிருந்தார். "எந்தப் பெட்டியில ஏறினீங்க?" என்று கேட்டார்.

"கடைசிப் பெட்டிதான். நீங்கதானே எழுதியிருந்தீங்கன்னாரு."

பேனா நின்றது. அக்காவின் தலைக்குப் பின்னால் வரைபடம் இருந்தது. திரும்பிப் பார்க்காமலே அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

மகன் டயர் கம்பெனியில் விற்பனை மேலாளர், நிதானமான ஆள். மேனேஜர் பக்கம் திரும்பினார். "சார், நான் சண்டைக்கு வரலை. ஒண்ணு மட்டும் தெரிஞ்சா போதும். புத்தகத்துல கடைசிப் பெட்டின்னா இருந்துச்சு?"

மேனேஜர் அக்காவைப் பார்த்தார். "அக்கா, அந்த ரயில்ல நீங்க எத்தனை தடவை போயிருப்பீங்க?"

பதிலை உண்டாக்கியவரே கேட்ட கேள்வி அது. "அஞ்சாறு தடவை," என்றார் அக்கா.

"கடைசிப் பெட்டின்னு எழுதினீங்களா?"

"இல்ல. முதல் பெட்டின்னுதான் எழுதினேன்."

"பாருங்க சார். அனுபவசாலி. அவங்க எப்படித் தப்பா எழுதுவாங்க?"

மகன் ஒரு பிரதி கேட்டார். அவர் போனதும் அக்கா கணினியில் அந்தக் கோப்பைத் திறந்து, கடைசி என்பதை முதல் என்று மாற்றி, மகனுக்கு அனுப்பினார். முழுதாக ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பதினெட்டு வருட வேலையில் அவர் தாமாக, யாரும் சொல்லாமல் எழுதிய முதல் பொய் அதுதான்.

அடுத்த மாதம் மாத்திரை வாங்கப் போனபோது கவுண்ட்டரில் புது ஆள் நின்றார். மருந்துக்கடைக்காரர் உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அக்காவைப் பார்த்ததும் பழக்கத்தில் எழுந்து மாத்திரை அட்டையை எடுத்தார். எடுத்தவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நீங்களே ஒரு தடவை பேரைப் படிச்சுப் பாருங்கம்மா. சரியா இருக்கா?"

"சரியா இருக்கு சார். நீங்க கொடுத்தா என்னிக்குத் தப்பா இருந்துச்சு?"

"அப்படித்தான் நானும் நினைச்சிட்டிருந்தேன். அச்சடிச்ச எழுத்துல முதல்னு போட்டிருக்கு, என் கண்ணுக்குக் கடைசின்னு தெரிஞ்சிருக்கு. ஒருதடவை இல்ல, மூணு தடவை படிச்சிருக்கேன். இன்னும் கடைசின்னுதான் ஞாபகத்துல இருக்கு, பாருங்க வேடிக்கையை!" அவர் சிரித்தார். "ரயில் போனாப் போவுது. மாத்திரையை மாத்திக் கொடுத்துட்டா? அதான் கையை வைக்கறதில்ல."

ஞாபகப் பரிசோதனையெல்லாம் செய்தாயிற்று. டாக்டர் எந்தக் குறையும் இல்லை என்றார். மருந்துக்கடைக்காரர் அதை நம்பவில்லை, கேள்வித்தாள் சுலபமாக இருந்தது என்று சொல்லிவிட்டார்.

அக்காவுக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை என்று எழுத ஆசைதான். உண்மையில் அவர் நன்றாகவே சாப்பிட்டார், தூங்கினார், வேலைக்குப் போனார். அதுதான் அவரைப் பயமுறுத்தியது. குற்ற உணர்ச்சி என்றால் நெஞ்சை அடைக்கும் என்று எண்ணியிருந்தார். இது காலையில் மாத்திரையைப் பிரிக்கும்போது மட்டும் வந்தது, அட்டையில் உள்ள பெயரை இரண்டு தடவை படிக்க வைத்தது, பிறகு போய்விட்டது. ஆனால் தினமும் வந்தது. கடைக்கு முன்னால் போகாமல் சுற்றுவழியாக அலுவலகம் போக ஆரம்பித்தார். நோட்டில் எழுதுவதும் குறைந்தது. அடாப்டரைக் கொடுக்க வந்தவர்கள் டீயைக் குடித்துவிட்டு, ஏமாற்றத்தோடு போட்டோவை மூடிக்கொண்டு போனார்கள்.

இரண்டு மாதம் கழித்து மருந்துக்கடைக்காரரின் மனைவியைத் தெருவில் பார்த்தார். "கடையை ஒரு பெரிய கம்பெனிக்குக் கொடுக்கப் போறோம் அக்கா. வர்ற மாசம் கடைசி வெள்ளிக்கிழமை கையெழுத்து. வீட்டைப் பூட்டிட்டு வெளிய வந்தா, பூட்டினேனான்னு என்னைக் கேக்கறாரு. பால் பொங்கறதைக்கூட என்னை வந்து பார்க்கச் சொல்றாரு. முப்பத்தஞ்சு வருஷம் நான் கேட்டதெல்லாம் அவர் காதுல விழலை, இப்ப நான் சொல்றதை மட்டும்தான் நம்பறாரு. எனக்கு இது பிடிக்கலை."

அன்று மாலை அக்கா கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவர் வென்னீரைப் பற்றிப் பேசவில்லை.

"நானும் மீட்டரைத் தப்பா எழுதியிருக்கேன்," என்றார். "அடுத்த மாசம் போய்த் திருத்திடுவேன். ஆனா தண்ணியே திறக்கலையேன்னு அந்த வீட்டுக்காரன் தன்னையே சந்தேகப்படற அளவுக்கு விட்டதில்ல. போய்ச் சொல்லிட்டு வா."

"வேலை போயிடும்."

"போனா போவுது. ஐரோப்பாவா போயிடும்?"

அக்கா போனார். பாதி வழிதான் போனார் என்று சொல்ல வேண்டும். கடையின் உள்ளறையில் மருந்துக்கடைக்காரர் எதிரே உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "சார், தப்பு என்னோடது. கடைசிப் பெட்டின்னு எழுதினது நான்தான். எனக்குத்தான் மறந்து போச்சு."

மருந்துக்கடைக்காரர் அவரைப் பார்த்தார். முகத்தில் அப்படி ஓர் இரக்கம்.

"உங்களுக்கும் ஆரம்பிச்சிருச்சாம்மா?"

"அப்படியில்ல சார்..."

"கூச்சப்படாதீங்க. நானும் இப்படித்தான், முதல்ல ஒத்துக்கவே இல்ல. எனக்காக நீங்க தப்பை உங்க மேல போட்டுக்கறீங்க. நல்ல மனசு. ஆனா அந்தக் காகிதத்தை நானே பார்த்தேனே, முதல்னு தெளிவா இருக்கு. எழுதினது சரியா எழுதிட்டு, இப்ப தப்பா எழுதினேன்னு உங்களுக்குத் தோணுது பாருங்க, அதுதான் இந்த நோயோட முதல் அடையாளம்." எழுந்து போய் மேசையில் தேடி, டாக்டரின் முகவரி அட்டையை எடுத்துக்கொண்டு வந்தார். "இவரைப் போய்ப் பாருங்க. நல்லவர். என் பேரைச் சொல்லுங்க, அதிகமா காக்க வைக்க மாட்டாரு."

அக்கா அட்டையை வாங்கிக்கொண்டு திரும்பினார். பாதி உண்மையைச் சொன்னதால் அந்த மனிதர் தம் நோயில் இன்னும் உறுதியானதுதான் மிச்சம். இப்போது துணைக்கு ஓர் ஆளும் கிடைத்திருந்தது.

கையெழுத்துக்கு முந்தின நாள், வியாழக்கிழமை மாலை, அக்கா அவர்கள் வீட்டுக்கே போனார். கையில் நீல அட்டை நோட்டு ஒன்று, பாஸ்போர்ட் ஒன்று. கூடத்து மேசையில் ஒப்பந்தக் காகிதங்கள் பரப்பியிருந்தன. மகன் ஒவ்வொரு பக்கமாகப் படித்துச் சொல்ல, மருந்துக்கடைக்காரர் கேட்டுக்கொண்டிருந்தார். மனைவி தட்டில் பிஸ்கட் வைத்துக்கொண்டு வந்தார்.

அக்கா உட்காரவில்லை. "எனக்கு மறதி இல்ல," என்றார். "நான் ஐரோப்பாவுக்குப் போனதே இல்ல. எந்த நாட்டுக்கும் போனதில்ல." பாஸ்போர்ட்டை மேசையில் வைத்தார். "போய்ட்டு வந்தவங்க சொன்னதை எழுதினேன். கடைசிப் பெட்டின்னு எழுதினேன். உங்க பையன் வந்து கேட்டப்போ பயந்து போயி இல்லைன்னேன். அவர் போனப்புறம் கணினியில மாத்தி, அதைத்தான் அனுப்பினேன். நீங்க படிச்சது சரி. மூணு தடவையும் சரி."

நோட்டைத் திறந்து நீட்டினார். அதில் அவர் கையெழுத்தில் இருந்தது: ‘ஏரிக்கரை ரயில். கடைசிப் பெட்டி. காலி. நிம்மதி. — வங்கி மேடம்.’

மகன்தான் பாஸ்போர்ட்டை எடுத்துப் புரட்டினார். "ஒரு முத்திரைகூட இல்லை," என்றார், யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாமல்.

மனைவிக்கு வேறு கவலை. "அப்ப அந்த ஏரிக்கரை பெஞ்சு? அதுல உட்கார்ந்ததும் காரணமே இல்லாம அழுகை வந்துச்சுன்னு எழுதியிருந்தீங்களே? நான் அந்த பெஞ்சைத் தேடிக் கண்டுபிடிச்சு உட்கார்ந்தேனே!"

"ஒரு பல் டாக்டர் அழுதாரும்மா."

"எனக்கும் அழுகை வந்துச்சே."

"வந்திருக்கும்மா. இடம் அப்படின்னு சொன்னாரு."

மருந்துக்கடைக்காரர் நோட்டை வாங்கிக் கண்ணுக்கு அருகே வைத்துப் படித்தார். பிறகு கையை நீட்டித் தள்ளி வைத்துப் படித்தார். வாய்விட்டு, "கடைசிப் பெட்டி," என்றார். இன்னொரு தடவை சொன்னார்.

"நான் அப்பவே சொன்னேன்," என்றார் மனைவி.

"நீ சொல்லலை. ஒருநாளும் சொல்லலை. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு," என்றார் அவர். சொல்லிவிட்டு, தம் வாயிலிருந்து வந்த அந்தச் சொல்லைக் கேட்டு, கையால் முகத்தை மூடிக்கொண்டார்.

மகன் எழுந்தார். "நாலு மாசம். எங்கப்பா நாலு மாசமா..."

"இரு," என்றார் மருந்துக்கடைக்காரர். முகத்திலிருந்து கையை எடுத்தபோது அவர் அழவில்லை, சிரிக்கவும் இல்லை. கவுண்ட்டருக்குப் பின்னாலிருந்து பேசுகிற பழைய குரல். "தப்பா எழுதினீங்க, சரி. மருந்துச்சீட்டுலகூடத் தப்பு வரும், அதுக்குத்தான் நான் உட்கார்ந்திருந்தேன். போகாத ஊரைப் போனேன்னு எழுதினீங்க, அதுவும் உங்க பொழைப்பு. எழுதினதை மாத்தி எழுதி என் வீட்டுக்கு அனுப்பினீங்களே. அந்தக் காகிதத்தை வச்சுக்கிட்டு எத்தனை நாள் உட்கார்ந்திருப்பேன்னு உங்களுக்குத் தெரியுமா? எழுத்து மாறுதான்னு வெளிச்சத்துல வச்சுப் பார்த்திருக்கேன்மா நான்."

"மன்னிச்சுடுங்க சார்."

"முடியாது," என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. அந்த மருந்து ஸ்டாக் இல்லை என்பதுபோலச் சொன்னார். "நோட்டு இங்க இருக்கட்டும். நீங்க போங்க."

வெள்ளிக்கிழமை கையெழுத்து ஆகவில்லை. திங்கள்கிழமை காலை மருந்துக்கடைக்காரர் கவுண்ட்டருக்குப் பின்னால் நின்றார். புது ஆள் ஸ்டூலுக்குப் போனார்.

மேனேஜரிடமும் அக்கா போய்ச் சொன்னார். அவர் அதிர்ச்சி அடையவில்லை, அடைய அவருக்கு உரிமையும் இல்லை. "சரி, ‘நான்’ வேணாம். பழையபடி ‘ஒருத்தர் சொன்னார்’னும் வேணாம். ‘உட்காரவும்’, ‘இறங்கவும்’னு மொட்டையாப் போட்டுருங்க. இணையதளத்துல இருக்கறது இருக்கட்டும், அதை யாரு படிக்கறா?" என்றார். அக்கா அதற்குச் சம்மதிக்கவில்லை. எல்லாக் குறிப்புக்கும் பக்கத்தில் அதைச் சொன்னவர் யார், எந்த மாதம் போனார், போகும்போதா வரும்போதா என்று எழுத ஆரம்பித்தார். முதலில் பயணிகள் குறைந்தார்கள். பிறகு கூடினார்களா என்றால், இல்லை. குறைந்தபடியே இருந்தார்கள். இணையதளத்தில் இருந்த வரிகளை எடுக்கச் சொல்லி மூன்று தடவை எழுதிக் கொடுத்தார். படத்தை மட்டும் எடுத்தார்கள்.

இப்போது அக்கா மாத்திரையை இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளி வேறு கடையில் வாங்குகிறார். அங்கே தீரப்போகிற நாளை யாரும் ஞாபகப்படுத்துவதில்லை. நடுவில் இரண்டு மூன்று நாள் விட்டுப்போகிறது. மருந்துக்கடைக்காரர் மன்னித்ததாக இதுவரை தகவல் இல்லை.

அக்கா செய்தது இதுதான். ஒருவர் சொன்னதைக் கேட்டு எழுதினார், கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்றைக் கேட்கவில்லை. எழுதியதை எழுதவில்லை என்றார். நூற்றுப் பன்னிரண்டு நாள் கழித்து அந்த வீட்டுக்குப் போய், எழுதினேன் என்றார்.